சம்பங்கிக் குத்தைப் பிரித்து நடுதல்

(தருமபுரி மாவட்டப் பூச்சாகுபடியாளர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



கூட்டத்திற்கு வந்தவர்கள் மேசையின்மேல் மாலையை எதிர்பார்த்திருப்பீர்கள். அங்கே மண்ணோடு கூடிய ஒரு சம்பங்கிக் குத்து இருப்பதைக் கண்டு சிலர் நகைத்ததையும் கவனித்தோம். அது எங்கள் தோட்டத்தின் மேலைப் பாத்தியில் நான்கு ஆண்டுகளாகக் கிளப்பாமல் விடப்பட்டிருந்த குத்து. இன்று காலை மண்வெட்டியால் கிளம்பவில்லை. கடப்பாரை கொண்டு நெம்ப வேண்டியதாயிற்று. அக்குத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். பேச்சு முடிந்தபின் அதனைத் தங்கள் எதிரிலேயே பிரித்துக் காட்டுகிறோம்.

சம்பங்கி நம் மாவட்டத்திற்குப் புதிய பயிர் அன்று. நல்லம்பள்ளி, பென்னாகரம், பாப்பாரப்பட்டிப் பக்கங்களில் கிணற்றுப் பாசனம் உள்ள சிறு உழவர் பலர் அதனை நம்பி வாழ்கின்றனர். நம்மிடையே கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பத்தார் அதனைச் சுகந்தராஜா என்று அழைப்பார்கள். வடநாட்டில் அதற்கு ரஜனிகந்தா என்று பெயர். இவ்வளவு சொந்தமான பெயர்களைப் பெற்றுவிட்ட இச்செடி பிறந்த இடமோ கடல் கடந்த மெக்சிகோ நாடு. அந்நாட்டுப் பழங்குடி மக்கள் அதன் வெண்மையைக் கண்டு ‘எலும்புப் பூ’ என்று பெயரிட்டனர். மாலையில் மலர்ந்து இரவில் மணப்பது, இரவிலே பறக்கும் விட்டில்களைத் தன்பால் இழுப்பதற்காகும். விட்டில்களுக்காக உண்டான அந்த மணத்தை நாம் விடியற்காலையில் பறித்துக் கிலோக் கணக்கில் விற்கிறோம்!

இச்செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தாவர நூலார் இதனை நெடுங்காலம் தனி இனமாக வைத்திருந்து, 2017-ஆம் ஆண்டில் ஆனைக்கற்றாழையின் இனத்திலேயே சேர்த்தனர். இரயில் பாதை ஓரத்திலும் வேலியிலும் வளரும் ஆனைக்கற்றாழையை நாம் எல்லோரும் அறிவோம். அது பல ஆண்டு வளர்ந்து ஒருமுறை பூந்தண்டு விட்டபின் மடிந்துபோகும். அடியில் தோன்றிய கன்றுகள் பிழைக்கும். சம்பங்கியிலும் இதுவே நடைபெறுகிறது. ஒருமுறை பூத்த கிழங்கு மறுமுறை பூப்பதில்லை. அதன் பக்கத்தில் தோன்றும் சேய்க்கிழங்குகளே அடுத்துப் பூக்கின்றன. ஆகவே நாம் ஒரே செடி மூன்றாண்டு பூப்பதாக எண்ணுவது பிழை. பூப்பது மகள்; பிறகு பேத்தி. முதலில் நட்ட கிழவி குத்தின் நடுவே சக்கையாகக் கிடக்கிறாள்.

இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு இக்குத்தைப் பாருங்கள். ஒரு கிழங்கு நட்ட இடத்தில் எத்தனை முளைத்திருக்கின்றன என்று எண்ணவே முடியவில்லை. நடுவிலே பழைய சக்கைகள். அவற்றைச் சுற்றிப் பெரிதும் சிறிதுமாகக் கிழங்குகள். ஓரத்திலே சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத பொடிகள். ஒன்றையொன்று நெருக்கிக் கொண்டு மேலே ஏறி வந்துவிட்டன. இவை எல்லாம் ஒரே பிடி மண்ணில் நின்று, ஒரே சொட்டு நீரைக் குடித்து, ஒரே எருவைத் தின்ன வேண்டும். இலை மட்டும் காடுபோல் எழும்பும். வழியில் செல்பவர் பயிர் செழிப்பாக இருக்கிறது என்று பாராட்டிச் செல்வார். தண்டு குட்டையாகிவிட்டதும், தண்டுக்கு அரும்பு குறைந்துவிட்டதும், அரும்பு சிறுத்துவிட்டதும் பறிக்கும் பெண்களுக்குத்தான் தெரியும்.

இதில் நாம் அஞ்ச வேண்டியது எதுவென்று சற்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம். உதிரிப்பூ விற்பவனுக்கு மிகப் பெரிய செலவு எருவும் அன்று, நீரும் அன்று, பறிகூலியே. காலை எட்டு மணிக்குள் பறித்து முடித்துத் தருமபுரிப் பூச்சந்தைக்கு அனுப்ப வேண்டும். கை ஒவ்வோர் அரும்பாகத்தான் பறிக்கும். அரும்பு பெரியதாயினும் சிறியதாயினும் பறிக்கும் நேரம் ஒன்றே. சந்தையிலோ எண்ணிக்கை பார்ப்பதில்லை, எடை பார்க்கிறார்கள். ஆதலால் அரும்பு சிறுத்தால் கூலி குறையாமலே வரவு குறைகிறது. ஆயுத பூசை, பொங்கல், முகூர்த்த நாள்களில் விலை ஏறியிருக்கும்போது இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆடி மாதத்தில் விலை இறங்கியதும் பறித்த கூலிக்கே பூ காணாது. பூவைச் செடியிலேயே விட்டுவிடும் நிலை வருகிறது. நான்காம் ஆண்டுப் பூ செலவில்லாமல் வரும் பூ என்ற எண்ணம் நம்மிடையே பலருக்கு உண்டு. வீட்டுப் பெண்களே பறிப்பதால் அந்தக் கூலியை நாம் எழுதுவதில்லை, அவ்வளவே. எழுதிப் பார்த்தால் தெரியும்.

குத்தாக வளரும் செடி எதுவாயினும் அதற்கு இந்த நிலை வந்தே தீரும். நம் மாவட்டத்துக்குத் தெற்கே சேர்வராயன் மலையில், ஏற்காட்டில், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஒன்று இருக்கிறது. கோடையில் ஏற்காடு சென்றவர்கள் சிலர் அதைக் கண்டிருப்பீர்கள். ஆர்க்கிட் என்பவை பெரும்பாலும் மரக்கிளையைப் பற்றி வளரும் பூஞ்செடிகள்; தோட்டக்காரர்கள் அவற்றுள் பலவற்றைக் கூடையிலே கரியும் மட்டையும் இட்டு வளர்த்துத் தொங்கவிடுவார்கள். சில ஆண்டு சென்றால் புதிய தளிர்கள் கூடையின் விளிம்பைத் தாண்டி வெளியே செல்லும்; நடுவிலே இலையற்ற பழைய தண்டுகள் மட்டும் எஞ்சும்; வேர்கள் கூடையின் பிளாச்சுகளைப் பின்னிக்கொள்ளும். அப்போது தோட்டக்காரர் வேரைப் பிய்த்து இழுக்கமாட்டார். கூடையை நறுக்கி எடுத்துவிட்டு, சுத்தமான கத்தியால் செடியைத் துண்டாக்குவார். ஒவ்வொரு துண்டிலும் மூன்று அல்லது நான்கு உயிருள்ள தண்டுகளும் ஒரு வளரும் முனையும் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். ஒரே தண்டாகப் பிரித்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் பல ஆண்டு பூக்காது. பிரித்து நட்டவுடன் நீரைக் கொட்டவும் மாட்டார். வெட்டுவாய் ஆறச் சில நாள் விடுவார். ஒரு கூடைச் செடிக்கு அவர் இத்தனை பொறுமை காட்டும்போது, ஓர் ஏக்கர் சம்பங்கிக்கு நாம் அதில் பாதியாவது காட்டக் கூடாதா?

நாங்களே பொறுமை காட்டாமல் பட்ட பாட்டைக் கூறிவிடுகிறோம். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகம் எங்கும் பொய்த்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். எங்கள் கிணறும் வற்றியது. மறு சித்திரையில் கிளப்ப வேண்டிய மூன்றாண்டுப் பயிரை, கிளப்பி நட்டால் பாய்ச்ச நீர் இல்லையே என்று அப்படியே விட்டுவிட்டோம். 2017 ஆவணியில் மழை பெய்தது. பெய்த மகிழ்ச்சியில் ஈரமண்ணிலேயே கிளப்பினோம். அப்போது கிழங்குக்குத் தேவை மிகுந்திருந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து நல்ல விலை பேசினார். பெரிய கிழங்குகளை அவருக்குக் கொடுத்தோம். மீந்த பொடிகளை மறுநாளே, அதே பாத்தியிலே, மண்ணும் மாறாமல் நட்டோம். மூன்றில் ஒரு பங்கு அழுகிற்று. பிழைத்தவை ஓராண்டு முழுவதும் இலை மட்டும் விட்டன. வெற்றிடங்களை நிரப்புவதற்கு வேறோர் இடத்தில் மலிவாகக் கிழங்கு வாங்கினோம். அது இன்னும் பெருந்தவறு. அக்கிழங்குகளின் வேரில் மிளகு மிளகாக முடிச்சுகள் இருந்தன. அவை என்னவென்று அப்போது நாங்கள் கேட்கவில்லை.

அம்முடிச்சுகள் நூற்புழுவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத அப்புழு வேருக்குள் புகுந்து அதனை முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்கிறது. நடப்பதற்கு அதற்குக் கால் இல்லை. ஆனால் கிழங்கோடும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும், பாசன நீரோடும் ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. பாலக்கோட்டுப் பக்கத்து நண்பர்கள் இதனைக் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். தக்காளியும் கத்தரியும் இப்புழுவுக்கு விருந்து. பல ஆண்டு தக்காளி விளைந்த நிலத்தில் அதன் பின்னே உடனே சம்பங்கி நடுவது, பசித்தவனுக்குப் பந்தியில் இரண்டாம் முறை இலை போடுவது போலாகும். இடையில் ஒரு பருவம் செண்டுமல்லி நடலாம். அதன் வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவை ஒடுக்குகிறது என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. பூவும் சந்தையில் விலை போகும். கோடையில் நிலத்தை ஆழ உழுது வெயிலில் காயப்போடுவதும் பயன் தரும்.

இனிப் பிரிக்கும் முறைக்கு வருவோம்.

நட்டு மூன்றாண்டு நிறைந்த பயிரைக் கிளப்பிவிட வேண்டும். அதற்குத் தக்க காலம் சித்திரை. அப்போது நீரும் குறைவு. விலையும் பெரும்பாலும் தாழ்வு. வெயிலோ கிழங்கை உலர்த்தப் போதுமானது. கிளப்புவதற்கு முன்பே பாசனத்தை நிறுத்துங்கள். இலை மஞ்சளாகி வாடத் தொடங்கும். வாடும் இலையிலிருந்து சத்து கிழங்கிலே இறங்குகிறது. ஆகையால் பச்சை இலையை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டுக் கிளப்புவது வேண்டாம். மண் காய்ந்தும் கல்லாகாமலும் இருக்கும் பதத்தில், குத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி முழுக் குத்தாகப் பெயர்த்தெடுங்கள். குத்தை ஓங்கித் தரையில் அடிப்பது நம் வழக்கம். அடிபட்ட இடத்தில்தான் அழுகல் தொடங்கும். ஓரிரண்டு நாள் நிழலில் கிடந்தால் மண் தானே உதிரும்.

பிரிப்பதற்குக் கை போதும். குத்தை இரு கையாலும் பிடித்து முறுக்கினால் கிழங்குகள் சந்து தெரிந்து விலகும். பற்றிக்கொண்டு வராத இடத்தில் மட்டும் கத்தி. கத்தியை வைக்கும்போது கிழங்கின் அடித்தட்டு, அதாவது வேர் புறப்படும் கெட்டியான பாகம், சேதமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது போனால் அக்கிழங்கு வேர் விடாது.

பிரித்ததை மூன்று குவியலாக்க வேண்டும். கெட்டியாக, கதிர் வடிவில், 25 முதல் 30 கிராம் எடையுள்ளவை முதற்குவியல். நடவு வயலுக்கு உரியவை இவையே. ஒவ்வொன்றாக நிறுக்க வேண்டியதில்லை. தராசில் ஒரு கிலோ வைத்து எண்ணிப் பாருங்கள். 33 முதல் 40 வரை இருந்தால் சரி. ஐம்பது, அறுபது என்று எண்ணிக்கை ஏறினால் பொடி கலந்திருக்கிறது என்று பொருள். வெளியில் கிழங்கு வாங்குபவர்களும் இந்தக் கணக்கையே கையாளலாம். வியாபாரியோடு வாதம் செய்யத் தேவை இராது.

இரண்டாவது குவியல் சிறுகிழங்குகள். இவற்றை எறியவும் வேண்டாம், வயலில் நடவும் வேண்டாம். வீட்டருகே ஒரு தனிப் பாத்தியில் நெருக்கமாக நட்டு ஓராண்டு வளர்த்தால் அடுத்த ஆண்டிற்கு விதைக்கிழங்கு ஆகும். மூன்றாவது குவியலில் நடுவே காய்ந்த பூந்தண்டின் கட்டை உள்ள பழங்கிழங்குகளும், அழுத்தினால் அமுங்குபவையும், வேரில் முடிச்சு உள்ளவையும், வெள்ளை நூல் படர்ந்து கடுகு போன்ற உருண்டைகள் ஒட்டியவையும் சேரும். அந்தக் கடுகுகள் அழுகல் பூசணத்தின் வித்து. மண்ணில் பல காலம் உயிரோடு கிடக்கும். இந்தக் குவியலைக் கொளுத்திவிடுங்கள். எருக்குழியில் போட வேண்டாம்; போட்டால் அடுத்த ஆண்டு நாமே வண்டியில் ஏற்றி வயலெங்கும் தூவிவிடுவோம்.

எங்கள் அனுபவத்தில், நெடுநாள் விட்ட குத்தில் மூன்றாவது குவியலே பெரிதாக இருக்கும். அதைக் கண்டு மனம் கலங்கிப் பாதியை மீண்டும் முதற்குவியலில் சேர்ப்பவர்கள் உண்டு. வீட்டில் சிக்கனமாக இருக்கும் பெரியவர்களே இதைச் செய்கிறார்கள் என்பதைக் கண்டிருக்கிறோம்.

தேர்ந்த கிழங்குகளை நீண்ட வேரும் காய்ந்த இலையும் நீக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். சில நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். சாக்கில் கட்டி மூலையில் அடுக்கினால் உள்ளே புழுங்கி அழுகும். குறைந்தது 30 நாள் ஓய்வு வேண்டும். கிளப்பிய கிழங்கு உறங்குகிறது; உறக்கம் தீராமல் நட்டால் ஒன்று இன்று முளைக்கும், ஒன்று அடுத்த மாதம் முளைக்கும். முளை ஒன்றாக வராவிட்டால் களையெடுப்பும் உரமிடலும் எதுவும் காலத்தில் நடவாது. சித்திரையில் கிளப்பியவர்களுக்கு ஆனி நடவு வரை இந்த ஓய்வு தானாகவே அமைகிறது.

நடவுக்கு ஏக்கருக்குப் பத்து டன் தொழு உரம் இட்டுப் பார் பிடியுங்கள். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டர். இவ்விடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 45,000 கிழங்குகள் பிடிக்கும். எடையில் 1,100 முதல் 1,350 கிலோ. கிழங்கை நிமிர்த்தி, ஓர் அங்குல ஆழத்தில் நட்டால் போதும். நட்ட மூன்றாம் மாதத்திலிருந்து பூ வரத் தொடங்கும். இரகங்களைப் பொறுத்தவரை, உதிரிப்பூவுக்கு ஒற்றையடுக்கு வகையே ஏற்றது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஷ்ருங்கார், பிரஜ்வல் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. ஷ்ருங்கார் வேர்முடிச்சு நூற்புழுவை ஓரளவு தாங்கும். மண்ணில் புழு உண்டா என்ற ஐயம் உள்ளவர்கள் வேர் ஒரு பிடியும் மண் ஒரு பிடியும் எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி, அவர்கள் கூறும் மருந்தை அவர்கள் கூறும் அளவில் இடுவது நன்று. கடைக்காரரிடம் மருந்து கேட்பதைவிட அங்கே கேட்பது மலிவு.

இவ்வளவும் தனி உழவன் செய்யக்கூடியவை. ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவர்களிடம் இரண்டு விஷயங்களைக் கூற வேண்டும்.

முதலாவது கழிவு. சித்திரை, வைகாசியில் நம் ஊர்களின் ஓடைக் கரையிலும் ஏரிக் கரையிலும் கிளப்பி எறிந்த குத்துகள் மலைபோல் கிடக்கும். மழை வந்ததும் அவற்றிலுள்ள புழுவும் பூசணமும் நீரோடு கீழ்நிலங்களுக்கு இறங்குகின்றன. மேலே இருப்பவன் எறிந்தது கீழே இருப்பவனின் மூன்றாண்டு வருமானத்தைக் கெடுக்கிறது. அவனோ வானத்தையும் விதியையும் நொந்துகொள்கிறான். நீர்வழியிலிருந்து தள்ளி ஓர் இடத்தைக் குறித்து, குத்துகளை அங்கே கொண்டுவந்து காயவிட்டுக் கொளுத்த வேண்டுமென்று கிராம சபையில் ஒரு தீர்மானம் செய்யலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. எறிபவரைத் தடுக்கும் மனத்திண்மைதான் வேண்டும். எறிபவர் நம் உறவினராகவும் இருப்பார் என்பது தெரிந்ததே.

மற்றது உலர்த்தும் இடம். இரண்டு ஏக்கருக்குக் குறைவாக உள்ளவர் வீட்டில் 1,000 கிலோக் கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்ப இடம் ஏது? இடம் இல்லாமையாலேயே அவர் கிளப்பிய மறுநாள் விற்கிறார், அல்லது மறுநாளே நடுகிறார். கூரையுள்ள ஒரு பொதுக் கொட்டகையைச் சித்திரையிலிருந்து ஆனி வரை முறைவைத்துக் கொடுத்தால் அவரும் ஒரு மாதம் காத்திருக்க முடியும். கொட்டகைக்குள் வரும் கிழங்கை வாசலிலேயே பார்த்து, முடிச்சு உள்ளதைத் திருப்பி அனுப்ப ஒருவர் இருக்க வேண்டும். இல்லையேல் ஊர் முழுவதும் நோய் பரப்பும் இடமாக அக்கொட்டகையே ஆகிவிடும்.

கிழங்கைச் சும்மா கொடுப்பதைப் பற்றி ஒரு பெரியவர் சற்றுமுன் கேட்டார். மகள் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் கிழங்கு கொடுத்தனுப்புவது நம் பண்பு. அதனை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. முதற்குவியலிலிருந்து கொடுங்கள். மூன்றாவது குவியலிலிருந்து கொடுக்காதீர்கள்.

இப்போது இக்குத்தைப் பிரிக்கலாம். தாய்மார்கள் முன்னே வந்து உட்காருங்கள். பறிப்பவர்கள் நீங்கள் என்பதால் எது பூத்த கிழங்கு, எது பூக்கப்போகும் கிழங்கு என்பதை எங்களைவிட விரைவில் கண்டுகொள்வீர்கள். அந்தச் சாக்கை விரித்துப் போடுங்கள். தராசு அந்த மூலையில் இருக்கிறது.